பாட்டில் வரும்போது விலக்கு

போன வாரம் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் போன் செய்தார். என் இடம் என்றால், கல்லூரியில் தமிழ்த் துறையைப் பெருக்கித் துடைத்து, தண்ணீர் பிடித்து வைத்து, தேநீர் வாங்கி வரும் இடம். இருபத்தாறு வருடம் நான் அதில் இருந்தேன். நான் ஐந்தாம் வகுப்பு. அவர் எம்.ஏ. தமிழ். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று அந்த வேலைக்குப் போட்டிருந்தார்களாம். அவருக்கு நன்றாகவே தெரியும்.

"அக்கா, டிபார்ட்மென்டுக்கு வெள்ளையடிக்கிறாங்க. கதவுக்குப் பின்னாடி ஒரு தாள் ஒட்டியிருக்குதே, கிழிச்சிடலாமானு கேக்குறாங்க" என்றார்.

"எந்தத் தாளு?"

"டீ தேநீர், பஸ் பேருந்து, சாவி திறவுகோல்னு வரிசையா எழுதியிருக்குது. கடைசியில மட்டும் வேற பேனாவுல ஒரு வரி. 'பாட்டில் வரும்போது ஜாஸ்தி, கம்மி இரண்டுக்கும் விலக்கு'னு. எனக்கு ஒண்ணும் புரியல. தண்ணி பாட்டில் வரும்போதா? கம்மியா வந்தா கேக்கக் கூடாதுன்றாங்களா?"

எழுதியவர் எங்கள் பழைய துறைத்தலைவர். அவர் ஆயுசுக்கும் தண்ணீர் பாட்டிலைப் பாட்டில் என்று சொன்னவரில்லை. குப்பி என்பார். அதனால் இப்படி ஒரு சந்தேகம் வரும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

போனில் நாலு வார்த்தைக்கு மேல் எனக்கு வராது. கிழிக்காதீங்க, எழுதி அனுப்புறேன் என்று வைத்துவிட்டேன். நீளமாக எழுதினால் கல்லூரி மலரில் போடலாம் என்று பிறகு செய்தி அனுப்பினார். நீளமாகத்தான் வருகிறது. போடுவது அவர்கள் இஷ்டம்.

என் வீட்டுக்காரர் அந்தக் கல்லூரியில் வாட்ச்மேனாக இருந்தார். மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் தண்டராம்பட்டுப் பக்கம் நாற்று நட்டேன், களை எடுத்தேன். கல்லூரி வேலையை யாரும் கற்றுத் தரவில்லை. பெருக்க எனக்குத் தெரியும். மற்றதை முதல் மாதத்திலேயே பார்த்துக்கொண்டேன். புதிதாகக் கற்க வேண்டியிருந்தது பேச்சு மட்டும்தான்.

முதல் நாள் நான் உள்ளே போனபோது துறைத்தலைவர் ஐயா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "வாருங்கள் அம்மா" என்றார். அதுவரை என்னை யாரும் வாருங்கள் என்று கூப்பிட்டதில்லை. பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி நின்றேன். பின்னால் யாரும் இல்லை.

அவர் யாரையும் ஒருமையில் பேசமாட்டார். தன் பையைத் தானே தூக்கிக்கொள்வார். குடித்த குவளையைத் தானே கழுவி வைப்பார். கோடையிலும் கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு வருவார். அவருக்குப் பொறுக்காதது ஒன்றே ஒன்று, தமிழில் வேற்றுச்சொல். அப்படி ஒரு சொல் காதில் விழுந்தால் திட்டமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். நாம் சரியான சொல்லைக் கண்டுபிடித்துச் சொல்கிறவரை திறக்கமாட்டார். திட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

எங்கள் உதவிக்காகத்தான் கதவுக்குப் பின்னால் அந்தத் தாளை ஒட்டினார். நான் பெருக்கும்போது நாளுக்கு மூன்று வரி மனப்பாடம் செய்தேன். எப்போதாவதுதான் பேசுவேன் என்பதால் அந்தக் கொஞ்சமும் சரியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். செங்கம் சாலை டீக்கடையில் நின்று "நாலு தேநீர்" என்றால் மாஸ்டர் சிரிப்பார். "இன்னாக்கா, ஐயா வந்துட்டாரா?" என்று கேட்டுவிட்டு ஃபிளாஸ்கில் சர்க்கரை இல்லாமல் ஊற்றித் தருவார். ஐயாவுக்குச் சர்க்கரை நோய். அதனால் துறையில் சர்க்கரை தனி டப்பாவில் இருக்கும். "சர்க்கரை மிகுதியா, குறைவா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுப் போட வேண்டும். ஜாஸ்தியா கம்மியா என்று கேட்கக் கூடாது. அவை இரண்டும் தாளில் பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது வரி.

வருடத்துக்கு ஒருமுறை எம்.ஏ. இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு வாய்மொழித் தேர்வு வரும். ஆளுக்கொரு ஆய்வேடு எழுதி, மூன்று படி கட்டுப் போட்டுக் கொடுக்க வேண்டும். பார்த்துக் கொடுக்கும் ஆசிரியர் நெறியாளர். வெளியூரிலிருந்து வந்து கேள்வி கேட்பவர் புறத்தேர்வாளர். புதிதாக வந்திருப்பவருக்கு இதை முறையாகச் சொல்லிவிடுகிறேன். மேசை விரிப்பை முந்தின நாளே துவைத்துக் காயவைக்க வேண்டும். புறத்தேர்வாளர் நாற்காலி மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம், தாள் பறக்கும். ஆய்வேடுகளை வருகைப் பதிவேட்டு வரிசையில் அடுக்கவும். மாணவர் நாற்காலி ஆடாததாக இருக்கட்டும். ஆடுவது மாணவர் போதும். பிள்ளைகள் வெளியே நிற்கும்போது குடிக்கத் தண்ணீர் வையுங்கள். அழுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொம்பு.

இனி அந்தத் தாளின் கடைசி வரிக்கு வருகிறேன்.

காஞ்சனா என்று ஒரு பெண் எம்.ஏ. படித்தது. முதல் வருடம் முடிந்ததும் கல்யாணம், அடுத்து குழந்தை. எல்லாத் தேர்வும் எழுதித் தேறியிருந்தது. ஆய்வேடு மட்டும் பாக்கி. இரண்டு வருடம் கழித்து வந்து நின்றபோது, அந்தப் பருவத்தோடு பழைய பாடத்திட்டம் முடிகிறது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த முறை வாய்மொழித் தேர்வில் தேறாவிட்டால் புதிய பாடத்திட்டத்தில் முதல் வருடத்திலிருந்து படிக்க வேண்டும். "இன்னொரு தடவ முதல்லருந்துனு சொன்னா எங்க வீட்ல ஆய்வேட்ட அடுப்புல வெச்சிடுவாங்க ஆயாம்மா" என்றது. பிள்ளைகள் என்னை ஆயாம்மா என்றுதான் கூப்பிடும்.

காஞ்சனா எடுத்த தலைப்பு எங்கள் வட்டார நடவுப் பாட்டு. பாட்டுச் சொல்லித் தருகிறவர்களுக்குத் தகவலாளர் என்று பெயர். அவர்கள் பெயர், வயது, ஊர், படிப்பு எல்லாம் கடைசியில் பட்டியலாகப் போட வேண்டும். ஊர் ஊராகப் போய்க் கேட்டும் பத்துப் பேர்தான் கிடைத்தார்கள். மற்றவர்கள் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள், அல்லது சீரியல் முடியட்டும் என்றார்கள்.

ஒரு மத்தியானம் வராந்தாவில் உட்கார்ந்து கைப்பேசியில் எதையோ கேட்டு எழுதிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டில் பாதி வரி விளங்கவில்லை என்று திரும்பத் திரும்ப ஓடவிட்டது. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நான் மிச்ச வரியை என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

"ஆயாம்மா! உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

"இப்பத்தானே சொன்னீங்க?"

"வாய் தவறி வந்துடுச்சு கண்ணு."

மூன்று நாள் விடவில்லை. கடைசியில் விடைத்தாள் வைக்கிற அறைக்குக் கூட்டிப் போனேன். கதவைச் சாத்தச் சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காரச் சொன்னேன். கைப்பேசியைப் பீரோ மேல் வைக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு எட்டுப் பாட்டு பாடினேன். அதில் ஒன்று இப்படி வரும்:

கூழு ஊத்தும் சொம்பு கம்மி – அத
குடிக்கச் சொல்லும் நேரம் கம்மி
கொறை சொல்லும் வாயி ஜாஸ்தி – மேல
கொடை புடிச்ச நெழலு ஜாஸ்தி

வரப்பில் குடையோடு நின்று வேலை வாங்குகிறவரைப் பற்றி, அவர் காதில் விழுகிற மாதிரியும் விழாத மாதிரியும் பாடுவது. எங்கள் ஐயாவும் குடை பிடிப்பார். அந்தப் பாட்டு அவர் வருவதற்கு முன்னாலேயே இருந்தது.

பட்டியலில் ஏழாவதாக என் பெயரைப் போட்டது. கன்னியம்மா, விவசாயக் கூலி, ஐந்தாம் வகுப்பு. கல்லூரி வேலையைப் போட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வேலை நேரத்தில் விடைத்தாள் அறையில் பாடினேன் என்று தெரிய வேண்டாம். கன்னியம்மா என்று எங்கள் பக்கம் வீதிக்கு மூன்று பேர் இருப்பார்கள். துறையில் எல்லோருக்கும் நான் அம்மா. யாருக்கும் தெரியாது என்று இருந்துவிட்டேன்.

காஞ்சனாவுக்கு நெறியாளர் துறைத்தலைவர் ஐயாதான். ஒவ்வொரு பக்கமும் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார். கமா விட்டுப்போனதைக்கூட வட்டம் போட்டிருந்தார். ஒருநாள் காஞ்சனா அந்தக் காகிதக் கட்டை என்னிடம் நீட்டியது.

"பாருங்க ஆயாம்மா. உங்க பாட்ட மாத்திட்டாரு."

கம்மி வரும் இடமெல்லாம் அடித்து, குறைவு. ஜாஸ்தி வரும் இடமெல்லாம் அடித்து, மிகுதி. ஓரத்தில் சின்னதாக 'வே.சொ.' என்று எழுதியிருந்தது, வேற்றுச்சொல் என்பதன் சுருக்கம். என் பாட்டில் மட்டுமில்லை, எல்லோர் பாட்டிலும். மொத்தம் இருபத்தொரு இடம். சொம்பு செம்பாகியிருந்தது. கூழு ஊத்தவில்லை, கூழ் ஊற்றியது.

"பாடுனத அப்படியே போடணும்னு புத்தகத்துல இருக்குது ஆயாம்மா. சொன்னேன். கண்ண மூடிக்கினாரு. நான் இன்னா பண்றது?"

"ஐயாவுக்குத் தெரியாததா? அவரு சொன்ன மாதிரியே போட்டுடு கண்ணு" என்றேன்.

இதை நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

வாய்மொழித் தேர்வு நாளைப் பல்கலைக்கழகம் கடிதத்தில் அனுப்பியது. ஐயா அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அன்றைக்குப் பௌர்ணமி. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு நாள்காட்டியில் வட்டமாகப் போட்டிருந்தது. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பௌர்ணமிக்கு எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மலை சுற்ற வரும் கூட்டத்துக்காக பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். ஆட்டோவைப் பாதி வழியில் திருப்பிவிடுவார்கள். புறத்தேர்வாளர் ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், நாட்டுப்புறப் பாட்டில் பெரிய படிப்புப் படித்தவர். அவர் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்து சேர்ந்தபோது கிரிவலத்தில் கால்வாசி முடித்திருந்தார். அதுவும் குதிகால் உயர்ந்த செருப்போடு. உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளினார். நான் ஃபிளாஸ்கைத் திறந்தேன்.

"சர்க்கரை மிகுதியா, குறைவா அம்மா?"

அவர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க எல்லாருமே இப்படித்தான் பேசுவீங்களா?"

"எம் துறையில் அனைவரும்" என்றார் ஐயா. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

நாலு பிள்ளைகள் முடிந்து ஐந்தாவதாகக் காஞ்சனா உள்ளே போனது. அரைமணி நேரம் கழித்து இரண்டாவது சுற்றுத் தேநீரோடு நான் போனேன். புறத்தேர்வாளர் அம்மா ஆய்வேட்டை விரித்து, அந்தப் பக்கத்தில் விரலை வைத்திருந்தார்.

"இது யார் பாடினது?"

"ஏழாவது தகவலாளர்ங்க அம்மா."

"ஏழாவது தகவலாளர் சேத்துல நின்னுக்கிட்டு மிகுதின்னு பாடினாங்களா?"

காஞ்சனா தன் படியைப் புரட்டி அதே பக்கத்தைத் தேடியது.

"நான் முப்பது வருசமா வயல் வயலாப் போய்ப் பாட்டு எடுக்கிறேன். ஒருத்தரும் மிகுதின்னு பாடிக் கேட்டதில்லை. பதினோரு பேரும் மிகுதி, பதினோரு பேரும் குறைவு! வீட்டிலயே உக்காந்து எழுதிட்டு, பதினோரு பெயரை நீயே போட்டுட்டியா? இதுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" பிறகு ஐயாவைப் பார்த்தார். "நெறியாளர் இதைக் கவனிக்கலையா?"

"மாணவி கொண்டுவந்ததைப் பார்த்தேன்" என்றார் ஐயா.

பொய் இல்லை. கொண்டுவந்ததை அவர் பார்க்கத்தான் செய்தார்.

காஞ்சனா ஐயாவைப் பார்த்தது. ஐயா பேனா மூடியைப் பார்த்தார். நெறியாளர் மாற்றினார் என்று காஞ்சனா சொன்னால் நெறியாளர் போட வேண்டிய மதிப்பெண் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் புறத்தேர்வாளர் கையெழுத்து இல்லை. இரண்டு பக்கமும் அடுப்புதான். அது என்னைப் பார்த்தது. நான் தட்டைப் பார்த்தேன்.

அந்த அறையில் அதுவரை நான் கேட்காமல் பேசியதில்லை. ஐயா இருக்கும்போது அந்தத் தாளில் இல்லாத சொல்லைப் பேசியதே இல்லை. என்னை வாருங்கள் என்று கூப்பிட்டவர் அவர். அவரை வெளியூர்க்காரர் முன்னால் தலைகுனிய வைக்க எனக்கு வாய் வராது. ஆனால் மாற்றினதையே போட்டுவிடு என்று அந்தப் பெண்ணுக்குச் சொன்னது இதே வாய்தான்.

குவளையைப் புறத்தேர்வாளர் அம்மா முன்னால் வைத்தேன். சர்க்கரை டப்பாவைத் திறந்தேன்.

"சர்க்கரை ஜாஸ்தியா, கம்மியாங்க?"

ஐயா கண்ணை மூடிக்கொண்டார்.

வழக்கமாக இந்த இடத்தில் சரியான சொல்லைச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புறத்தேர்வாளர் அம்மா ஆய்வேட்டிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கினார்.

"காலையில மிகுதியான்னு கேட்டீங்க?"

"அது டிபார்ட்மென்டுக்காகக் கேட்டதுங்க."

"இது?"

"இது வாய்ல வரதுங்க."

"எந்த ஊரும்மா நீங்க?"

"தண்டராம்பட்டுப் பக்கம்ங்க."

"நடவு நட்டிருக்கீங்களா?"

"பன்னெண்டு வருசம்ங்க." பாதியில் நிறுத்தினால் மிச்சத்தை யார் சொல்வது? "அந்த ஏழாவது ஆளு நாந்தாங்க. கன்னியம்மா. பொண்ணு எதையும் சொந்தமா எழுதலைங்க. நான் பாடினதுதாங்க."

"மிகுதின்னு பாடினீங்களா?"

"திரும்பி நின்னுக்கட்டுங்களா?" என்று கேட்டேன். தட்டோடு ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே சைக்கிள் ஷெட்டைப் பார்த்துக்கொண்டு அந்த நாலு வரியைப் பாடினேன். குரல் எழும்பவில்லை. ஆனால் கம்மி இரண்டும் ஜாஸ்தி இரண்டும் அந்த அந்த இடத்தில் வந்தன. கொறை சொல்லும் வாயி என்று பாடும்போதுதான் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. ஐயாவின் குடை ஜன்னல் கம்பியில்தான் மாட்டியிருந்தது. பாட்டைப் பாதியில் மாற்ற முடியாது.

முடித்த பிறகும் நான் திரும்பவில்லை.

"தட்டச்சில் நேர்ந்த பிழையாக இருக்கலாம்" என்று பின்னால் ஐயாவின் குரல் கேட்டது.

"இருபத்தொரு இடத்திலயுமா ஐயா?" புறத்தேர்வாளர் அம்மா எண்ணி வைத்திருந்தார்.

சைக்கிள் ஷெட்டில் ஒருவர் பூட்டைத் திறந்து, சைக்கிளை எடுத்து, வெளியே போனார்.

"என் பிழை" என்றார் ஐயா.

இரண்டே சொல். இரண்டிலும் வேற்றுச்சொல் இல்லை.

பிறகு நடந்தது ஐந்து நிமிட வேலை. பாடியபடியே மாற்றி நாலு நாளில் மூன்று படியும் கட்டுப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று புறத்தேர்வாளர் அம்மா எழுதினார். தேர்ச்சி என்றும் எழுதினார். தேநீரை அதுவரை யாரும் தொடவில்லை. ஆறிப்போனதைக் குடித்துவிட்டு, "கம்மியாப் போட்டா போதும்னு சொல்ல மறந்துட்டேன்" என்றார். நான் போடவே இல்லை என்பதை நான் சொல்லவில்லை.

வெளியே வந்து காஞ்சனா என்னைக் கட்டிக்கொண்டு அழுதது. அழுகிறவர்களுக்கு வைத்த சொம்பை எடுத்துக் கொடுத்தேன். பாதியை அது குடித்தது. பாதியை நான் குடித்தேன்.

மறுநாள் காலையில் சீக்கிரமே வந்துவிட்டேன். வேறு துறைக்கு மாற்றிவிடுவார் என்று துடைப்பம், வாளி எல்லாம் எடுத்து ஒரு ஓரமாக வைத்திருந்தேன். ஐயா வந்தார். குடையை மாட்டினார். "வாருங்கள் அம்மா" என்றார். நேற்று நடந்ததைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, ஓய்வு பெறுகிறவரைக்கும் பேசவில்லை. வேறு துறைக்கும் மாற்றவில்லை. அடுத்த திங்கள்கிழமை கதவுக்குப் பின்னால் பெருக்கும்போதுதான் பார்த்தேன். பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது வரியை அவர் அடிக்கவில்லை. அடிக்கிற ஆளும் அல்ல. தாளின் அடியில், சிவப்பு மையில், அளவுகோல் வைத்த மாதிரி நேராக ஒரு வரி சேர்த்திருந்தார்.

பாட்டில் வரும்போது ஜாஸ்தி, கம்மி இரண்டுக்கும் விலக்கு.

காஞ்சனா இப்போது போளூர் சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். திருத்திய படி ஒன்று துறை அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கிறது, கறுப்பு அட்டை. ஓய்வு பெறும்வரை வாரம் ஒருமுறை நான்தான் அதைத் தூசி தட்டினேன். பிரித்துப் பார்த்ததில்லை, யாராவது வந்துவிடுவார்கள்.

ஆகவே, அம்மா, நீங்கள் கேட்டதற்கு: அது தண்ணீர் பாட்டில் அல்ல, பாட்டு. வெள்ளையடிக்கிறவர்கள் தாளைக் கிழிக்க வேண்டாம். ஓரத்தில் ஈரத்துணி வைத்து ஊறவிட்டு மெதுவாக எடுங்கள். கடைசி வரியில் தண்ணீர் படக் கூடாது, மை கரையும். சுவர் காய்ந்ததும் அதே இடத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு என்றீர்கள். நாள்காட்டியில் பௌர்ணமியா என்று பார்த்து, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். சர்க்கரையைத் தனியாக வையுங்கள். எந்தச் சொல்லில் கேட்பது என்பது, உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.